சத்து மக்காச்சோள விதை எங்கே கிடைக்கும்?

வணக்கம். பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறேன். விளைவதெல்லாம் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. வரும் புரட்டாசிப் பட்டத்தில் அரை ஏக்கராவது வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஒதுக்கலாம் என்று ஆசை.

சாதாரண மக்காச்சோளப் புரதத்தில் உடம்புக்கு அவசியமான லைசின், டிரிப்டோபன் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. அதைச் சரிசெய்த க்யூபிஎம் (தரமான புரத மக்காச்சோளம்) ரகங்களில் ‘பூசா விவேக் க்யூபிஎம் 9 இம்ப்ரூவ்டு’ 2017ல் வந்தது. உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் சத்தும் அதில் கூடுதல். கடையில் கேட்டால் ஏதோ புது மருந்துப் பெயர் போலப் பார்க்கிறார்கள். 4 கிலோ போதும். யாரிடம் கேட்கலாம்?

அப்புறம், பெரிய கவலை மகரந்தம். இந்தக் குணத்தைத் தரும் ஓபேக்-2 மரபணு ஒடுங்கிய தன்மை உடையது, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குணம் வெளிப்படும். சாதா மகரந்தம் விழுந்த மணியில் அந்தக் கூடுதல் சத்து இருக்காது. எங்கள் வயலைச் சுற்றிலும் சாதா மக்காச்சோளம்தான்! எவ்வளவு தூரம் விட வேண்டும்? மூன்று வாரம் தள்ளி விதைத்தால் பூக்கும் நேரம் மாறித் தப்புமா? மழையை நம்பி அப்படித் தள்ளிப்போடத் துணிவு வரவில்லை.

வீரிய ஒட்டு, விதை எடுத்து வைக்க முடியாது என்பது தெரியும். போட்டுப் பார்த்தவர்கள் மகசூல், படைப்புழுத் தொல்லை பற்றிச் சொல்லுங்கள். கூழ் காய்ச்சினால் ருசி எப்படி என்றும்.