மறு: ஹெல்த்ஸ்பான் - ‘நல ஆயுள்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

ஹெல்த்ஸ்பானுக்கு, அதாவது ஒருவர் உடல்நலத்தோடு இயங்க முடிகிற காலத்துக்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ‘ஆரோக்கிய ஆயுட்காலம்’ பொருளில் சரி, ஆனால் ஒரே கட்டுரையில் பத்து இடத்தில் வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். ‘நோயில்லா ஆயுள்’ சுருக்கம்தான், ஆனால் தப்பு. எழுபது வயதில் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தானே நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருகிறவருக்கு நோய் இருக்கிறது, நலமும் இருக்கிறது. ‘நல்வாழ்வுக் காலம்’ என்றால் அரசுத் துறைதான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை ‘நல ஆயுள்’.

இந்தச் சொல் இல்லாமல் என்ன கெடுகிறது என்று கேட்டால், கார்போஹைட்ரேட்டை (மாவுச்சத்து, சர்க்கரை இரண்டும் சேர்ந்தது) குறைக்கும் உணவுமுறை பற்றித் தமிழில் வருகிற செய்திகளைப் பாருங்கள். 2017இல் செல் மெட்டபாலிசம் இதழில் கலிபோர்னியாவின் இரண்டு குழுக்கள் சுண்டெலிகளுக்குக் கீட்டோ தீனி (கார்போஹைட்ரேட் மிகக் குறைவு, கொழுப்பு மிக அதிகம்) கொடுத்த முடிவுகளை வெளியிட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இடைநிலை ஆயுளே (பாதி எலிகள் செத்துவிடுகிற வயது) சுமார் 13 சதவீதம் கூடியது. பக் ஆய்வு நிலையத்தில் ஒரு வாரம் கீட்டோ, மறுவாரம் சாதாரணத் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நடுவயதுச் சாவு குறைந்தது, கிழட்டு எலிகளின் நினைவாற்றல் நன்றாக இருந்தது, ஆனால் உச்ச ஆயுள் நீளவில்லை. இரண்டையும் நாம் ‘ஆயுளைக் கூட்டும்’ என்றே எழுதிவிடுகிறோம்.

மனிதர்களைப் பற்றி 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்தது. கலோரியில் 50-55 சதவீதம் கார்போஹைட்ரேட்டில் இருந்து பெற்றவர்களிடம் இறப்பு மிகக் குறைவு, 40க்குக் கீழும் 70க்கு மேலும் அதிகம். குறைத்த கார்போஹைட்ரேட்டின் இடத்தில் இறைச்சி வந்தால் இறப்பு கூடியது, கொட்டைகளும் காய்கறிகளும் வந்தால் குறைந்தது. யாருடைய உணவையும் மாற்றாமல் வெறுமனே கவனித்த ஆய்வு என்பதால் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், அது எண்ணியது சாவை. கடைசிப் பத்து வருடம் நடமாடினார்களா, படுக்கையில் கிடந்தார்களா என்பது அந்தக் கணக்கில் இல்லை. இதை வைத்து ‘முதுமையைக் கெடுக்கும்’ என்று தலைப்புப் போட்டால் அதுவும் அதே குழப்பம்தான்.

அப்புறம், லோ-கார்ப் உணவுக்கு ‘குறைமாவு உணவு’ என்பது எனக்குச் சம்மதமில்லை. இட்லியை ஒதுக்கிவிட்டுக் காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போடுகிறவர் மாவைக் குறைத்துவிட்டதாகவே நினைப்பார். அங்கே கார்போஹைட்ரேட் என்றே இருக்கட்டும்.

மொத்த வாழ்நாளைக் குறிக்கும் லைஃப்ஸ்பானுக்கு வெறும் ‘ஆயுள்’ போதும். ‘நல ஆயுள்’ பிரித்தே எழுதலாம், சேர்த்தால் ‘நலவாயுள்’ ஆகி வாசிப்பவர் வாயுவில் தடுக்கிக்கொள்வார்.