மறு: ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்குவோருக்கான கையேட்டில் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (நிறுவனத்தின் பெயருக்கு வரும் வழக்குத் தாள்களை அதற்காக வாங்கிக்கொள்ள நியமிக்கப்படுபவர்) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருவதால், இதை முடிவு செய்யாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியாது. இதுவரை "பதிவு பெற்ற முகவர்" என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு உறுத்துவதும் அதுதான்.

பதிவு பெற்ற மருத்துவர், பதிவு பெற்ற பொறியாளர் என்றால் நமக்கு என்ன புரிகிறது? படிப்பையும் தகுதியையும் காட்டி, ஓர் அமைப்பில் பெயரைப் பதிந்து, தொழில் செய்ய அனுமதி வாங்கியவர் என்றுதானே? இந்த ஏஜென்ட்டுக்கு அப்படி எதுவும் பொதுவாகத் தேவையில்லை. 18 வயது நிரம்பியவராக, அந்த மாநிலத்தில் தெரு முகவரி உள்ளவராக, வேலை நேரத்தில் அந்த முகவரியில் கிடைக்கக்கூடியவராக இருந்தால் போதும். நிறுவனத்தின் உரிமையாளரே இருக்கலாம், அவருடைய மைத்துனரும் இருக்கலாம். நிறைய நிறுவனங்களுக்கு இதையே தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான் சில மாநிலங்களில் கூடுதல் விதிகள் உண்டு (டெலவேரில் 50-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு முகவராக இருந்தால் அந்தக் கணக்கில் வருவார்கள்). ஆக, இங்கே பதிவாவது ஆளின் தகுதி இல்லை. "இந்த நிறுவனத்துக்கு வழக்குத் தாள் கொடுக்க வேண்டுமா, இவரிடம் கொடு" என்று நிறுவனங்களைப் பதிவு செய்யும் மாநிலச் செயலர் அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரு பெயரும் ஒரு முகவரியும் ஏறுகின்றன. பதிவு அவ்வளவுதான்.

"பதிவு செய்யப்பட்ட முகவர்" என்று மாற்றிக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் வம்பு. பதிவு செய்யப்பட்ட என்ற சொல்லும் முகவர் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பவர் ஏஜென்ட். பொது அதிகாரப் பத்திரம் எழுதி, பதிவு அலுவலகத்தில் பதிந்து, முதலாளிக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடவும் சொத்தை விற்கவும் அதிகாரம் வாங்கியவர். கையேட்டைப் படிக்கிறவர் இதை அப்படிப் புரிந்துகொண்டால், ஆண்டுக்கு 100, 200 டாலர் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் ஒரு கம்பெனி தன் வங்கிக் கணக்கையே இயக்கலாம் என்று பயந்து ஓடிவிடுவார். இல்லாவிட்டால் எதிர்த் திசையில், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சும்மா இருந்துவிடுவார். இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் மேல் யாரோ வழக்குப் போடுகிறார். நீதிமன்ற அழைப்பாணையையும் வழக்குரையையும் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் (நம் ஊர்ச் சொல்லில் அமீனா மாதிரி, ஆனால் அங்கே பெரும்பாலும் தனியார்) பதிவேட்டில் உள்ள முகவரிக்கு வருகிறார். மேசையில் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். கொடுத்தவர் யாரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுவார். வாங்கியவர் உறையைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்புவார். அதோடு அவர் வேலை முடிந்தது. வழக்கில் அவர் ஒரு தரப்பு இல்லை, வக்கீலும் இல்லை, பதில் போட வேண்டிய கடமையும் இல்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணில், அவர் கை அந்தத் தாளைத் தொட்ட நிமிடத்திலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நீங்கள் மின்னஞ்சலைத் திறந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் என்றால் அன்றிலிருந்து 21 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும், கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில் 30 நாள். டெக்சாஸ் கணக்கு வேடிக்கையானது: 20 நாள் கழிந்த பிறகு வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. தவறவிட்டால் எக்ஸ்பார்ட்டி, உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே தீர்ப்பு. கையேட்டில் இந்தப் பத்தியைத்தான் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். வீட்டு முகவரியைக் கொடுத்துத் தன்னையே ஏஜென்ட்டாகப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போனவர்கள் மாட்டுவது இங்கேதான். பதிவேட்டில் பழைய வீடு அப்படியே இருக்கும். அங்கே ஆள் கிடைக்கவில்லை என்றால் பல மாநிலங்களில் மாநிலச் செயலரிடமே தாளைக் கொடுத்துவிட்டு வழக்கை நகர்த்த வழி இருக்கிறது.

ஆகவே சொல்லில் தெரிய வேண்டியவை இரண்டே. ஒன்று, பெறுவது. இரண்டு, இன்னொருவருக்காகப் பெறுவது. பதிவு என்பது சொல்லுக்குள் வராவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அங்கேயே மாநிலத்துக்கு மாநிலம் பெயர் வேறு என்பதைக் கவனியுங்கள். டெலவேரிலும் டெக்சாஸிலும் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட், மேரிலாந்திலும் மிச்சிகனிலும் ரெசிடென்ட் ஏஜென்ட், ஒஹையோவிலும் அரிசோனாவிலும் ஸ்டாச்சுடரி ஏஜென்ட். கலிஃபோர்னியாவில்தான் உள்ளதை உள்ளபடி ஏஜென்ட் ஃபார் சர்வீஸ் ஆஃப் பிராசஸ் (வழக்குத் தாள் பெறுவதற்கான முகவர்) என்று நீட்டி முழக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் "பதிவு முகவர்", "வதி முகவர்", "சட்டமுறை முகவர்" என்று தனித்தனியாக மொழிபெயர்த்துக்கொண்டு போனால், படிப்பவர் இவை நாலு வேறு பதவிகள் என்று நினைத்துவிடுவார். நாலும் ஒரே ஆள். மாநிலங்களுக்கிடையே விதிகளை ஒன்றாக்க 2006-இல் மாதிரிச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், ஆனாலும் பெயர்கள் ஒன்றாகவில்லை. தமிழில் நாம் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாமே, யார் தடுக்கிறார்கள்?

சரி, வந்த பரிந்துரைகள் ஒவ்வொன்றாக.

> சேர்ப்பு முகவர்

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திசை மாறிவிட்டது. சேர்ப்பவர் தாளைக் கொண்டுவந்து கொடுக்கிறவர். நமக்கு வேண்டியது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர். போதாக்குறைக்கு, கல்லூரியில் ஆள் சேர்க்கும் ஏஜென்ட் என்று வேறு தோன்றும்.

> ஏற்பு முகவர்

இதைப் பரிந்துரைத்தவர் நிறைய யோசித்திருக்கிறார், காரணங்களும் நன்றாகவே எழுதியிருந்தார். எனக்கு உள்ள தயக்கம், ஏற்பு என்றால் ஒப்புக்கொள்வதும் ஆகும் என்பது. தாளை வாங்கிக்கொள்வது வேறு, அதில் உள்ள குற்றச்சாட்டை ஏற்பது வேறு. இதை நம் ஆட்கள் ஏற்கெனவே குழப்பிக்கொள்கிறார்கள், "கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்று அழைப்பாணையை வாங்காமல் ஒளிகிற பழக்கம் எங்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு நாமே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பென்சில்வேனியா விவகாரத்தைச் சொல்லி ஒருவர் மறுக்கக்கூடும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த மாநிலத்தில் தொழில் செய்யப் பதிந்த வெளிமாநில நிறுவனம் அங்குள்ள நீதிமன்றங்களின் அதிகாரத்துக்குச் சம்மதித்ததாகவே கொள்ளப்படும், அது செல்லும் என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அந்தச் சம்மதம் பதிவுச் சட்டத்திலிருந்து வருகிறது. மேசையில் தாளை வாங்கியவர் கொடுத்த சம்மதம் இல்லை அது.

> சட்ட ஆவணப் பெறுநர்

கிட்டத்தட்ட வந்துவிட்டோம். தெளிவு இருக்கிறது, நாக்கும் தடுக்கவில்லை. இதற்குச் சாதகமாக இன்னொன்றையும் நானே எடுத்துத் தருகிறேன்: டெலவேர் சட்டப்படி ஒரு கார்ப்பரேஷன் (பங்கு நிறுவனம்) தனக்குத் தானே இந்த ஏஜென்ட்டாக இருக்கலாம் (கலிஃபோர்னியாவில் முடியாது). "தனக்குத் தானே முகவர்" என்பது தமிழில் சிரிப்பாக இருக்கும், "தனக்குத் தானே பெறுநர்" உறுத்தாது. ஆனால் பெறுநர் என்றால் கடிதத்தில் யாருக்கு என்று எழுதுகிறோமோ அவர். பள்ளியில் விண்ணப்பம் எழுதக் கற்ற எல்லோருக்கும் அனுப்புநர், பெறுநர் மனத்தில் பதிந்திருக்கிறது. இங்கே உறையின் மேல் இருப்பது நிறுவனத்தின் பெயர், வாங்குவது வேறொருவர். இன்னொருவருக்காக வாங்குகிறார் என்பது பெறுநரில் தெரியவில்லை. முகவர் என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

இதிலிருந்துதான் என் பரிந்துரை: பெறுமுகவர்.

வினைத்தொகை. பெறுகிற முகவர், பெற்ற முகவர், பெறும் முகவர், மூன்று காலத்துக்கும் ஆகும். முதல் முறை வரும் இடத்தில் "சட்ட ஆவணப் பெறுமுகவர்" என்று முழுதாகப் போட்டு, படிவத்தில் உள்ள பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். அதன்பின் பெறுமுகவர் போதும். இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிக்குத் தொழில்முறைப் பெறுமுகவர். மாற்றினால் பெறுமுகவர் மாற்றம், அவரே விட்டுப்போனால் பெறுமுகவர் விலகல். விலகல் அறிவிப்பு வந்த பிறகு புது ஆளைப் போடச் சில வாரங்கள்தான் கிடைக்கும், சும்மா விட்டால் நிறுவனத்தையே மாநிலம் கலைத்துவிடலாம், அதனால் இந்தத் தொடர் கையேட்டில் கட்டாயம் தேவை.

கூடவே ஒரு லாபம். முகவர் இருக்கும் இடம் முகவரி, ஆகவே ரெஜிஸ்டர்டு ஆஃபீஸுக்கு (பதிவேட்டில் ஏறும் அந்த முகவரிக்கு) பெறுமுகவரி என்று வைக்கலாம். அங்கே அது அலுவலகமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால் "பதிவு அலுவலகம்" என்பதை விட இது பொருத்தம். டெலவேரின் வில்மிங்டன் நகரில் நார்த் ஆரஞ்சு தெரு 1209 என்று ஓர் எண், ஒரு மாடிகூட இல்லாத கட்டடம். 2012-இல் வந்த கணக்குப்படி 2,85,000 நிறுவனங்களுக்கு அதுதான் முகவரி. அத்தனைக்கும் அலுவலகம் அங்கே என்று எழுதினால் படிப்பவர் நம்ப மாட்டார், அத்தனைக்கும் பெறுமுகவரி அது என்று எழுதினால் விஷயம் புரிந்துவிடும். அஞ்சல் பெட்டி எண் ஏன் செல்லாது என்பதும் சேர்ந்தே புரியும், பெட்டியிடம் யாரும் தாளை நீட்ட முடியாது. பெறுமுகவர், பெறுமுகவரி இரண்டும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், தட்டச்சில் குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள். குழம்பும்தான். முகவர், முகவரி என்று இத்தனை காலம் சமாளித்து வருகிறோம், இதையும் சமாளிப்போம்.

நியூயார்க்கைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: அங்கே பதிவு செய்யும் நிறுவனங்களுக்கு மாநிலச் செயலரே பெறுமுகவர். தாள் அவரிடம் போகும், அவர் நீங்கள் கொடுத்த முகவரிக்கு அஞ்சலில் அனுப்பிவிடுவார். தனியாக ஒருவரை வைப்பது உங்கள் விருப்பம். பார்த்தீர்களா, ஓர் அரசு அதிகாரியைப் "பதிவு பெற்ற முகவர்" என்று எழுத முடியாது, பெறுமுகவர் என்றால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது.

மிச்சம் ஒன்றே. வழக்குத் தாளைச் சட்டப்படி கொண்டுபோய்க் கொடுப்பதைக் குறிக்கும் சர்வீஸ் என்பதற்கு என்ன போடுவது? நீதிமன்றத் தமிழில் "சார்பு செய்தல்" புழக்கத்தில் இருக்கிறது, "சம்மன் சார்பு செய்யப்பட்டது" என்று தாளிலேயே பார்க்கலாம். வக்கீல்களுக்கு அது போதும். ஆனால் நீதிமன்றப் படி மிதிக்காதவர் சார்பு என்றால் ஒருதலைப்பட்சம் என்றோ யாருக்கோ ஆதரவு என்றோதான் எடுத்துக்கொள்வார். "சேவை" வேண்டவே வேண்டாம். நான் "முறைப்படி சேர்ப்பித்தல்" என்று எழுதி வருகிறேன், நீளம்தான். பொருள் தெளிவாக இருப்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

கையேட்டின் முதல் வரைவில் இப்படி வருகிறது, படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"டெலவேரில் எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) தொடங்கும்போது அந்த மாநிலத்தில் தெரு முகவரி உள்ள ஒரு பெறுமுகவரை நியமிக்க வேண்டும். நிறுவனத்தின் மேல் வழக்கு வந்தால் அழைப்பாணை அவரிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்படும். மாநில அரசின் சில அறிவிப்புகளும் அவர் வழியாகத்தான் வரும். உங்கள் மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ மாறினால் முதலில் அவருக்குத் தெரிவியுங்கள். ஆண்டுதோறும் ஜூன் 1-க்குள் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய 300 டாலர் வரியும் பெறுமுகவருக்குக் கொடுக்கும் கட்டணமும் வேறு வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றதும் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள்."

வக்கீல் நண்பர்கள் யாராவது "சேர்ப்பித்தல்" பற்றி ஒரு வார்த்தை எழுதினால் நல்லது. பெறுமுகவருக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.