கடையில் விண்டோஸ், வீட்டில் உபுண்டு: அப்சிடியன் குறிப்புகள் சிங்க்திங்கில் மோதிக்கொண்டே இருக்கின்றன

கேள்வி

வணக்கம். கடையில் விண்டோஸ் 11 டெஸ்க்டாப், வீட்டில் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப். லேப்டாப்பில் விண்டோஸும் டூயல் பூட்டாக (தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி) இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனக் குறிப்புகள் எல்லாம் அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில்தான்: சுமார் 2,800 கோப்புகள், படங்கள், பிடிஎஃப் எல்லாம் சேர்த்து 2 ஜிபி. கணினிகளுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் போட்டு இரண்டு கணினியையும் இணைத்து மூன்று வாரம் ஆகிறது.

சிங்க்-கான்ஃப்ளிக்ட் என்று பெயருக்குள் வரும் கோப்புகள் தினமும் பத்துப் பதினைந்து முளைக்கின்றன. திறந்து பார்த்ததைத் தவிர எதையும் மாற்றாத நாளிலும் வருகின்றன. சில குறிப்புகள் லேப்டாப்புக்கு வந்து சேரவே இல்லை. 'ஃபெயில்டு ஐட்டம்ஸ் 9' என்று காட்டுகிறது, ஒன்பதும் நீளமான தமிழ்த் தலைப்பு உள்ளவை. இன்னொன்று, இரவு வீட்டில் திறந்தால் காலையில் கடையில் எழுதியது இருக்கும், சாயங்காலம் எழுதியது இருக்காது. கடையில் வால்ட் (குறிப்புகள் எல்லாம் இருக்கும் அப்சிடியன் ஃபோல்டர்) இருப்பது டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள். மாதக் கட்டணச் சேவைக்குப் போகாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1

வழி உண்டு. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் மோதல் கோப்புகள். வால்ட்டுக்குள் புள்ளியில் தொடங்கும் 'அப்சிடியன்' என்ற மறைவு ஃபோல்டர் ஒன்று உண்டு. அதில் 'வொர்க்ஸ்பேஸ்' என்ற ஜேசன் கோப்பு இருக்கும். எந்தக் குறிப்பு எந்த டேபில் திறந்திருக்கிறது, பக்கப் பட்டை திறந்ததா மூடியதா என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். டேப் மாற்றினாலே அது திருத்தி எழுதப்படும். இரண்டு கணினியிலும் அப்சிடியன் திறந்திருந்தால் மோதல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தக் கோப்பு அந்தந்தக் கணினிக்கே உரியது, ஒத்திசைக்கத் தேவையே இல்லை.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம்:

1. இரண்டு கணினியிலும் அப்சிடியனை மூடுங்கள். சிங்க்திங்கில் அந்த ஃபோல்டரை 'பாஸ்' (தற்காலிக நிறுத்தம்) செய்யுங்கள்.
2. கோப்பு மேலாளரில் மறைவுக் கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்த ஃபோல்டருக்குள் சேர்ந்திருக்கும் வொர்க்ஸ்பேஸ் மோதல் நகல்களை அழியுங்கள். இரு பக்கமும் அழிக்க வேண்டும். அடுத்த படி முடிந்தபின் சிங்க்திங் இவற்றைக் கண்டுகொள்ளாது, ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் அப்படியே கிடக்கும்.
3. ஃபோல்டரின் 'எடிட்', பிறகு 'இக்னோர் பேட்டர்ன்ஸ்'. அங்கே மறைவு ஃபோல்டரின் பெயர், சாய்கோடு, வொர்க்ஸ்பேஸ், ஒட்டியே ஒரு நட்சத்திரக் குறி. ஒரே வரி போதும். கைப்பேசிக்கான வொர்க்ஸ்பேஸ் கோப்பும் அந்த நட்சத்திரத்தில் அடங்கிவிடும்.
4. இதே வரியை மற்றக் கணினியிலும் கையால் எழுதுங்கள். இக்னோர் பட்டியல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. பலர் விட்டுவிடும் இடம் இது.

மறைவு ஃபோல்டரை முழுக்க விலக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஹாட்கீ, தீம், பிளகின் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவை இரண்டிலும் ஒன்றாக இருப்பது நல்லது. ஏதாவது ஒரு பிளகின் தன் டேட்டா கோப்பை ஓயாமல் திருத்தி மோதல் உண்டாக்கினால் அந்த ஒன்றை மட்டும் விலக்குங்கள்.

குறிப்புகளிலேயே விழுந்த மோதல் நகல்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். பெயரின் வாலில் முதலில் தேதி, நேரம் (மோதல் கண்டறியப்பட்ட நேரம்), பிறகு 7 எழுத்து. அந்த ஏழும் ஒரு கணினியின் டிவைஸ் ஐடியின் தொடக்க எழுத்துகள். உபுண்டுவில் மெல்டு என்ற ஒப்பிடும் மென்பொருளை நிறுவி இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, விடுபட்ட வரிகளை அசல் கோப்புக்கு ஏற்றிவிட்டு நகலை அழியுங்கள். இந்த நகல்கள் சாதாரணக் கோப்பு போலவே ஒத்திசைவதால் ஒரு பக்கம் அழித்தால் போதும்.

சாயங்காலக் குறிப்பு வராததற்குக் காரணம் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாததுதான். சிங்க்திங்குக்கு நடுவில் சர்வர் கிடையாது. கடையைப் பூட்டும்போது டெஸ்க்டாப்பை அணைத்து, வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் பேசிக்கொள்ள ஆளில்லை. இங்கே ஒரு மயக்கம் உண்டு: ஃபோல்டரில் பச்சையாக 'அப் டு டேட்' என்று தெரிவது அந்தக் கணினியிடம் பாக்கி இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. மறுபக்கத்துக்குப் போய்விட்டதா என்பதை 'ரிமோட் டிவைசஸ்' பகுதியில் பாருங்கள். அங்கே 'டிஸ்கனெக்டட்' என்றிருந்தால் எதுவும் போகவில்லை.

எப்போதும் ஓடும் மூன்றாவது கருவி ஒன்று வீட்டில் இருந்தால் இது தீரும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி போதும். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஆகும். ஆனால் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்க்திங்-ஃபோர்க் என்பதைப் போடுங்கள், அதற்கு பேட்டரி சிக்கனக் கட்டுப்பாட்டையும் நீக்குங்கள். டெஸ்க்டாப்பை அணைக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள்: கோப்பு மாறியதைக் கவனித்த பிறகும் சிங்க்திங் இயல்பாக 10 விநாடி காத்திருந்துதான் அனுப்பத் தொடங்கும்.

பதில் 2

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. வால்ட்டை டாக்குமெண்ட்ஸ்ல இருந்து வெளியே எடுங்க. விண்டோஸ் 11-ல பல கணினிகள்ல டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள்ள (மைக்ரோசாஃப்டோட மேகச் சேமிப்பு) தான் இருக்கு, நமக்குத் தெரியாமலே. கோப்புக்குப் பக்கத்துல மேகக் குறி தெரிஞ்சா அந்தக் கோப்பு உங்க டிஸ்க்ல இல்ல, பேர் மட்டும்தான் இருக்கு. ஒரே ஃபோல்டரை ஒன்டிரைவ், சிங்க்திங்னு ரெண்டு பேர் ஒத்திசைச்சா ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் புது மாற்றம்னு எடுத்துக்குவாங்க.

சி டிரைவ்லயோ டி டிரைவ்லயோ நேரா ஒரு ஃபோல்டர் போட்டு அங்க வைங்க. மாத்துறதுக்கு முன்னாடி வலது கிளிக்ல 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து எல்லாம் இறங்குற வரைக்கும் பொறுங்க. சிங்க்திங்ல பழைய ஃபோல்டரை 'ரிமூவ்' பண்ணிட்டு (இது கோப்புகளை அழிக்காது, கணக்கை மட்டும் எடுக்கும்) அதே ஃபோல்டர் ஐடியோட புது இடத்தைச் சேருங்க. ஐடி மாறினா அது வேற ஃபோல்டர்னு ஆயிடும். புது இடத்துல இக்னோர் வரி இருக்கான்னு மறுபடி பாத்துக்கோங்க.

பதில் 3

ஃபெயில்டு ஐட்டம்ஸ் ஒன்பதும் தமிழ்த் தலைப்பு என்றதுமே பைட் கணக்காக இருக்கும் என்று தோன்றியது. பட்டியலில் ஒன்றை அழுத்திப் பார்த்தால் பெயர் மிக நீளம் என்ற பிழைச் செய்தி வரும்.

விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியெழுத்து வரை ஏற்கும். லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறிக்கு 3 பைட். அதுவும் நாம் எழுத்தென்று எண்ணுவதை அது எண்ணாது: 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறி, 15 பைட்.

உங்கள் துறையிலேயே ஒரு தலைப்பை எண்ணிப் பார்க்கலாம்: 'கிணற்றுப் பாசனத்தில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பை நீக்க அமிலக் கழுவல் செய்யும் முறையும் அளவுகளும்'. தமிழ்க் குறிகள் 86, இடைவெளி 10. புள்ளியோடு சேர்ந்த எம்டி பின்னொட்டு 3. விண்டோஸ் கணக்கில் 99, தாராளம். லினக்ஸ் கணக்கில் 258, 10, 3 சேர்ந்து 271. உள்ளே நுழையாது.

கடைசிச் சொல்லை எடுத்துவிட்டால் 243, நுழைந்துவிடும். ஆனால் அதுவும் பத்திரமில்லை. மோதல் நேர்ந்தால் சிங்க்திங் பெயரோடு 38 பைட் நீள வாலை ஒட்டும். 281 ஆகிவிடும், லேப்டாப்பில் நகலை உருவாக்க முடியாது. வாலுக்கும் இடம்விட்டுக் கணக்குப் போட்டால் தமிழ்த் தலைப்புக்கு 71 குறிதான் மிஞ்சும். 60-க்குள் வைத்துக்கொண்டு, முழுத் தலைப்பைக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள். தேடல் அதையும் பார்க்கும். பெயர் மாற்றத்தைக் கோப்பு மேலாளரில் செய்யாமல் அப்சிடியனுக்குள்ளேயே செய்தால் மற்றக் குறிப்புகளில் உள்ள இணைப்புகளும் கூடவே மாறும்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. உபுண்டுவில் தலைப்பில் கேள்விக்குறியோ இரட்டை மேற்கோளோ போட முடியும். விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்காது. 'வடிகட்டி ஏன் அடைக்கிறது?' என்று வீட்டில் எழுதினால் கடைக்குப் போகாது.

பதில் 4

இவ்வளவு பாடு எதற்கு, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். வரிவரியாக இணைக்கும், முழு வரலாறும் இருக்கும்.

பதில் 1

வரலாற்றுக்கு கிட் நல்லதுதான். ஒத்திசைவுக்கு அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறையும் இழுக்கவும் தள்ளவும் வேண்டும், 2 ஜிபி பிடிஎஃப்களும் படங்களும் களஞ்சியத்தை ஊதவைக்கும். இரண்டையும் சேர்த்து வைக்கலாம்: கிட்டை லேப்டாப்பில் மட்டும் ஓட்டுங்கள், அதன் மறைவு ஃபோல்டரை இரு பக்க இக்னோர் பட்டியலிலும் சேருங்கள். அந்த ஃபோல்டரைச் சிங்க்திங் தொட்டால் களஞ்சியம் கெட்டுப்போகலாம். கிட் தமிழ்க் கோப்புப் பெயர்களை \340\256 என்று எண் சரமாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். அமைப்பில் 'கோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழிலேயே தெரியும்.

கிட் இல்லாவிட்டாலும் சிங்க்திங்கின் 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் 'ஸ்டேகர்டு' கட்டாயம் போடுங்கள். முதல் 1 மணி நேரத்துக்கு 30 விநாடிக்கு ஒரு பதிப்பு, முதல் நாளில் மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கும். இரண்டு கணினியிலும் போட வேண்டும். வெளியிலிருந்து வரும் மாற்றம் மேலெழுதும்போதுதான் பழையது சேமிக்கப்படும். அதே கணினியில் நீங்களே அழித்தது அங்கே இருக்காது, மறுபக்கத்தில்தான் தேட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வால்ட்டை டி டிரைவுக்கு மாற்றினேன், வொர்க்ஸ்பேஸ் மோதல் நின்றுவிட்டது. ஒன்பது தலைப்பையும் சுருக்கியதும் வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் புரியவில்லை: குறிப்பில் உண்மையாகவே மோதல் வந்தால், கடையில் பிந்தி எழுதியிருந்தாலும் லேப்டாப் பதிப்புதான் ஜெயிக்கிறது. ஏன்?

பதில் 3

லேப்டாப்பின் கடிகாரத்தைப் பாருங்கள். மோதலில் திருத்த நேரம் பழையதாக உள்ள கோப்புதான் நகலாக ஒதுக்கப்படும். மோதல் இல்லாத சாதாரண மாற்றத்தில் கடிகாரம் முடிவு செய்வதில்லை, அதனால்தான் மற்ற நேரங்களில் தெரியவில்லை.

டூயல் பூட் என்கிறீர்கள். போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுதும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று படித்து ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளும். இணையம் கிடைத்துத் திருத்தும் வரை நீங்கள் சேமிக்கும் குறிப்பெல்லாம் 5 மணி 30 நிமிடம் எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகப் பதிவாகும். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையை மட்டும் ஓட்டுங்கள். 'ஆர்டிசி இன் லோக்கல் டிஇசட்' என்ற வரியில் 'நோ' இருந்தால் இதுதான் காரணம். அதை 'யெஸ்' ஆக்கினால் இரண்டு இயங்குதளமும் கடிகாரத்தை ஒரே மாதிரி படிக்கும். இல்லையென்றால் விண்டோஸ் பக்கம் ரெஜிஸ்ட்ரியில் பொது நேரத்துக்கு மாற்றலாம். ஏதாவது ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் மாற்றினால் வித்தியாசம் மறுபடி வந்துவிடும்.

மாற்றிய பிறகு உபுண்டு கோப்பு மேலாளரில் திருத்த நேரப்படி அடுக்கிப் பாருங்கள். இப்போதைய நேரத்தைத் தாண்டிய தேதியோடு ஏதாவது மேலே நின்றால், அந்தக் குறிப்பைத் திறந்து ஒரு இடைவெளி தட்டிச் சேமியுங்கள், நேரம் சரியாகிவிடும்.