சூரை மீனின் சதை ஏன் இவ்வளவு சிவப்பு?

கேள்வி:
நேற்று முதல்முறை சூரையை அறுத்தேன். உள்ளே ஆட்டிறைச்சி மாதிரி சிவப்பு! கொடுவா வெள்ளையாகத்தானே இருக்கும்? இரத்தம் சரியாக வடியவில்லையோ? சால்மனின் நிறத்துக்கும் இதுதான் காரணமா?

பதில் 1:
இரத்தம் இல்லை, மயோகுளோபின். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம். சூரை நிற்கவே நிற்காது. வாயைத் திறந்தபடி நீந்தினால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். நின்றால் மூச்சு முட்டிவிடும். ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டுமே. அப்புறம், எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது: பெரும்பாலான மீன்களின் உடல், சுற்றியுள்ள தண்ணீர் அளவுக்குத்தான் சூடாக இருக்கும். சூரையோ தசையில் பிறக்கும் சூட்டை வீணாக்குவதில்லை. செவுளுக்குப் போகும் சூடான இரத்தமும் அங்கிருந்து வரும் குளிர்ந்த இரத்தமும் ஒட்டியிருக்கும் குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. வழியிலேயே சூடு கைமாறிவிடுகிறது!

பதில் 2:
சால்மன் கதையே வேறு. அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி, இறால் போன்ற இரையிலிருந்து சதையில் சேர்கிறது. வெந்த இறால் சிவப்பதும் அதனால்தான். பண்ணைகளில் தீவனத்தில் கலக்கிறார்கள்.

கேட்டவர்:
சரி, கொடுவா?

பதில் 1:
பதுங்கியிருந்து சட்டெனப் பாயும் மீன் அது. அந்த ஒரு பாய்ச்சலுக்கு வெள்ளைத் தசை போதும். அடுத்தமுறை தோலை உரித்துப் பாருங்கள், பக்கவாட்டில் மெல்லிய சிவப்புப் பட்டை தெரியும். மெதுவாக நீந்தும்போது உழைப்பது அதுதான்.