தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்

கேள்வி (மன்னார்குடி): ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்த பின்னும், எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரம் வரை ஈரம் ஏறி, உப்புப் பூத்து உதிர்கிறது, பீரோவிலுள்ள பட்டுப்புடவைகளிலும் பூஞ்சை வாடை வருகிறது. சிமெண்ட் பூசினால் சரியாகுமா?

பதில் (கும்பகோணம்): பூச வேண்டாம். களிமண் நிலத்து நீரைச் செங்கல் உறிஞ்சுகிறது; சிமெண்டால் அடைத்தால் அது வெளியேற வழியின்றி மேலே ஏறும். நாங்கள் அப்படிப் பூசி, இரண்டே ஆண்டில் ஈரத்தை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தோம்; பிறகு அதைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம்.

பதில் (திருவாரூர்): முதலில் ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் தேங்குகிறதா என்று பாருங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். பனி இறங்கும் விடியலில் சன்னல்களைத் திறக்காமல், வெயில் ஏறிய பின் திறவுங்கள்.

கேட்டவர்: தேங்குவது உண்மைதான்; முற்றத்துத் தூம்பில் வைக்கோல் அடைத்திருந்தது.