இந்த வருஷ வாசிப்புக்கு எண்ணிக்கை வைப்பதா, ஆளை வைப்பதா?

மாங்கூழ்க்காரன், காவேரிப்பட்டினம்

வணக்கம். மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் ஜனவரியில் டைரி முதல் பக்கத்தில் 36 புத்தகம் என்று எழுதி வைத்தேன், மாதத்துக்கு மூன்று. ஏப்ரல் வரை சரியாகத்தான் போனது. மே மாதம் மாங்காய் லோடு வர ஆரம்பித்ததும் ஆலை ராத்திரி பகலாக ஓடியது, ஜூலை முடிகிற வரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ஆகஸ்டில் டைரியைப் பார்த்துப் பதறி, கணக்கை நிரப்புவதற்காக ஒல்லிப் புத்தகங்களாகத் தேடி எடுத்தேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' அப்படி எடுத்ததுதான், ஒரே ராத்திரியில் முடித்து டிக் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருவில் நாலு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. விடிகாலையில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது அந்த ஜமுனா (கதையின் நாயகி) ஞாபகம் வந்தாள். வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்தேன். டீச்சரம்மா அவளிடம் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. முதல் தடவை அந்தப் பக்கத்தை நான் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

அதனால் இந்த வருஷம் ஒழுங்காகத் திட்டம் போட வேண்டும். பாதி எனக்குப் பிடித்தவர்கள்: அசோகமித்திரன், தி. ஜானகிராமன், கி.ரா. (கி. ராஜநாராயணன்). மீதிப் பாதி, இத்தனை வருஷம் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள்: புதுமைப்பித்தன், டால்ஸ்டாய், தஸ்தயெவ்ஸ்கி. எண்ணிக்கை வைக்கலாமா, வேண்டாமா? யாரிடமிருந்து தொடங்குவது?

பழைய வாத்தியார், தருமபுரி

தம்பி, எண்ணிக்கையை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள். ஒருவரை எடுத்தால் இரண்டு மாதமாவது அவரோடேயே இருக்க வேண்டும். நான் புதுமைப்பித்தனை அப்படித்தான் படித்தேன், ஒரு நாளைக்கு ஒரு கதை, அதற்கு மேல் இல்லை. 1906-ல் பிறந்து 1948-ல் போய்விட்ட மனுஷன், அதற்குள் இவ்வளவு எழுதியிருக்கிறார். 'செல்லம்மா'ளில் தொடங்குங்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒருவர், நோயாளி மனைவிக்கு அடுப்பு மூட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். அவ்வளவுதான் கதை. அதைப் படித்த அன்று வேறு எதுவும் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. அடுத்த வாரம் 'துன்பக்கேணி'.

டால்ஸ்டாயில் நேரே 'போரும் வாழ்வும்' வேண்டாம், பாதியில் நின்றுபோகும். 'புத்துயிர்ப்பு' எடுங்கள், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு. அந்தக் காலத்தில் நியூ செஞ்சுரி புத்தக வண்டி ஊருக்கு வரும், மாஸ்கோவில் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகம் சல்லிசாகக் கிடைக்கும், என்னிடம் இருப்பது அப்படி வாங்கியது. ரஷ்யப் பெயர்கள்தான் முதலில் ஆளை விரட்டும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும். நான் பழைய பரீட்சைத் தாளைக் கிழித்து, 'மாஸ்லவா, கத்யூஷா இரண்டும் ஒரே பெண்' என்று பென்சிலில் எழுதி உள்ளே வைத்துக்கொண்டேன். அந்தத் துண்டு இன்னும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பது பக்கம் தாண்டினால் அது தேவைப்படாது.

புளியந்தோப்பு வீடு, பென்னாகரம் பக்கம்

வாத்தியார் ஐயா சொல்வது நேரம் இருப்பவர்களுக்குச் சரி. எனக்கு எண்ணிக்கை இல்லாவிட்டால் நடக்காது. ஆனால் புத்தகத்தை எண்ண மாட்டேன், பக்கத்தைத்தான் எண்ணுவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம், வருஷத்துக்கு 3,650. அப்படி எண்ணினால் ஒல்லிப் புத்தகம் தேட வேண்டிய அவசியமே வராது.

போன புளி சீசனில் சாயங்காலம் திண்ணையில் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள், நான் 'கோபல்ல கிராமம்' சத்தமாக வாசிப்பேன். எங்கள் வீட்டில் தெலுங்கு. மங்கத்தாயாரு அம்மாள், சென்னாதேவியைக் காப்பாற்ற ராவோடு ராவாக ஊரைவிட்டு வந்த கதையைச் சொல்லும் இடத்தில் மாமியார் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "இது எங்க பாட்டி சொன்ன மாதிரியே இருக்குது, திரும்பப் படி" என்றார். மறுநாள் அந்த இடத்தையே மறுபடி படித்தேன். பக்கக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டேன், திரும்பப் படிப்பதும் படிப்புதானே. கி.ரா.வை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கண்ணால் மட்டும் படிக்கிறவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொன்று தம்பி, உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுங்கள், தூத்துக்குடி உப்பளத்துக் கூலிக்காரர்கள் கதை. உங்கள் ஆலையிலும் சீசனுக்கு எத்தனையோ பெண்கள் கூலிக்கு வருவார்கள், அவர்கள் வாரக்கூலியை எழுதுகிற கை உங்களுடையது. அந்தப் புத்தகத்தை உங்களைவிட நெருக்கமாகப் படிக்கக்கூடியவர் யார்? அதற்கப்புறம் அம்பையின் சிறுகதைகள்.

ஓசூர் பஸ்

அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்று மட்டும். மே முதல் ஜூலை வரை நாவல் ஓடாது என்றால் அந்த மூன்று மாதத்தைச் சங்கப் பாட்டுக்குக் கொடுங்கள். நம் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானை ஔவை பாடியது புறநானூற்றில் 87-ம் பாட்டிலிருந்து வரிசையாக வருகிறது. எல்லாம் சின்னச் சின்னப் பாட்டு, வாரத்துக்கு ஒன்று போதும். நெல்லிக்கனிப் பாட்டு 91. எனக்குப் பிடித்தது 95. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் வீட்டு ஆயுதமெல்லாம் மயில் பீலி சாத்தி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கிறது, அதியமானுடையதோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. உரையோடு இருக்கிற பதிப்பாக வாங்குங்கள். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி எழுதிய மகாபாரதமான 'வியாசர் விருந்'தும் அசதியான நாளுக்கு ஏற்றது, அத்தியாயங்கள் சின்னது, தமிழும் தெளிவு.

மாங்கூழ்க்காரன், காவேரிப்பட்டினம்

ஐயா, அக்கா, அண்ணா, மூவருக்கும் நன்றி. டைரியில் 36-ஐ அடித்துவிட்டேன். ஜனவரி, பிப்ரவரி புதுமைப்பித்தன், நாளுக்கு ஒரு கதை. மார்ச், ஏப்ரல் 'புத்துயிர்ப்பு', பெயர்த் துண்டோடு. மாங்காய் நாளில் வாரம் ஒரு ஔவைப் பாட்டு, எடைச்சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கப் போகிறேன். ஆகஸ்டிலிருந்து தி.ஜா.வும் கி.ரா.வும். தஸ்தயெவ்ஸ்கி அடுத்த வருஷம் வரட்டும்.

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு சீசன் கூலிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர் வரிசையில் முக்கால்வாசி பெண்கள்தான், நாலு வருஷமாக நான்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை கிருஷ்ணகிரி நூலகத்துக்குப் போகிறேன். 'கரிப்பு மணிகள்' இருந்தால் புதுமைப்பித்தனுக்கும் முன்னால் அதுதான்.