"இது யாரோட தாத்தா?" எழுத்து வகுப்பில் இன்னும் உறுத்தும் ஒரு நொடி

யீஷூன்காரன்:
சிங்கப்பூரில் நான் படிக்கும் பகுதிநேரப் பட்டப்படிப்பில் படைப்பெழுத்து ஒரு பாடம். வேலை முடிந்து ஓடினால் ஏழு மணி வகுப்பு. முறை உங்களுக்கே தெரியும்: கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும், மற்றவர்கள் பேசும்போது எழுதியவன் வாய் திறக்கக் கூடாது.

நான் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தேன். வரப்பு, தென்னந்தோப்பு, கோயில் குளம், கயிற்றுக் கட்டில். எல்லாம் நானாகப் போட்டவை. தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். நான் பிறந்ததிலிருந்து யீஷூனில் மூவறை வீடு. தஞ்சாவூருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டும் கல்யாணத்துக்கு.

பக்கத்து மேசை அக்கா, தாதியாக வேலை பார்ப்பவர், தாளைப் புரட்டிவிட்டு, "இது யாரோட தாத்தா? படத்துல வர்ற தாத்தாவா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். பதிலும் சொல்ல முடியாது. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பதினைந்து நிமிடம்.

திரும்பும்போது ரயிலில்தான் ஞாபகம் வந்தது. தாத்தா கோப்பி ஓவை, அதாவது பால் சேர்க்காத காப்பியை, தட்டில் ஊற்றி ஆற்றித்தான் குடிப்பார். பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டார். "கோப்பிக்கு எதுக்குடா தூக்குக் கயிறு" என்பார். கதையில் இது ஒரு வரிகூட இல்லை.

தேக்காக்கிளி:
அந்த அக்கா கேட்டது சரி. வாயைக் கட்டிப்போட்டதுதான் தப்பு. 1936இல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த பட்டறை முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஏன் என்றுகூடக் கேட்பதில்லை. நீங்கள் அங்கேயே கோப்பிக் கதையைச் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

என் கதை வேறு. பன்னிரண்டு வயதுப் பையன், அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று, "லிஃப்ட் வரல லா, நடந்தே போவோம்" என்கிறான். தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில், "மின்தூக்கி வரவில்லை, நடந்தே செல்வோம்". அந்தப் பையன் செய்தி வாசிக்கவா போகிறான்? 2005 பாடத்திட்டச் சீராய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலேயே பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள், கல்லூரியில் எழுத விட மாட்டார்களாம். மதிப்பெண்ணுக்காக மாற்றிக் கொடுத்தேன். அதுதான் இன்னும் கடுப்பு.

பழைய பேனா:
என் அனுபவம் சின்னது. ஆசிரியர் என் கதையின் முதல் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, "இப்ப படி" என்றார். கதை இரண்டாம் பக்கத்தில்தான் ஆரம்பித்திருந்தது. அவ்வளவுதான்.

தம்பி, தங்கச்சிக்குச் சில விஷயம். ஒன்று, எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள், நாக்கு தடுக்குமிடத்தில் பிழை இருக்கும். அப்புறம், லா, லே மாதிரி நம்ம ஊர்ப் பேச்சு ஒட்டெல்லாம் அளவோடு போடுங்கள். கிளி சொல்வதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன், ஊரில் வாசிப்பவனுக்கும் புரிய வேண்டாமா? விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருங்கள், கைபேசியை உள்ளே வைத்துவிட்டு. தங்கமுனை விருது எழுத்துப் போட்டிக்கு அனுப்புங்கள். 1993இலிருந்து நடக்கிறது, சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழியிலும் உண்டு. தோற்றாலும் பரவாயில்லை, கெடு தேதி ஒன்று இருந்தால்தான் நம் ஆட்கள் கதையை முடிப்பார்கள். இன்னொன்று, பெயரடைகளை

தேக்காக்கிளி:
ஐயா, யாரும் யோசனை கேட்கவில்லை. பாதியிலேயே அனுப்பிவிட்டீர்கள் போல, அப்படியே இருக்கட்டும். யீஷூன்காரன், கதையைத் திருத்தினீர்களா?

யீஷூன்காரன்:
திருத்தினேன். தோப்பை வெட்டினேன், குளத்தைத் தூர்த்தேன். கயிற்றுக் கட்டிலை மட்டும் விட மனசு வரவில்லை. அக்கா அதைப் பென்சிலால் வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "மூவறை வீட்டில் இதை எங்கே போடுவார்?"